முப்பத்தொரு பாட்டுக்கு அடியில்

அந்தச் சொல்லைத் தெய்வசிகாமணி பத்தொன்பது வருஷமாகச் சந்தேகப்பட்டுவந்தார். நம்பவில்லை என்று சொன்னால் அது சரியாகாது. சந்தேகப்பட்டுக்கொண்டே அதன் நிழலில் உட்கார்ந்திருந்தார் என்பதுதான் பொருத்தம். "கேட்டுப் பாத்துட்டேன்டா. அவன் இப்ப வர வேணாம், நான் கண்ண மூடினப்புறம் வந்தாப் போதும்னுட்டார்." விழுப்புரத்திலிருந்து பழைய தெருச் சிநேகிதன் கலியமூர்த்தி போனில் இப்படித்தான் சொன்னான், இரண்டாயிரத்து ஆறு, மாசி மாதம், ஒரு புதன்கிழமை. அடுத்த புதன்கிழமை அப்பா இறந்துபோனார். இடையில் ஏழு நாள். திருச்சியிலிருந்து விழுப்புரம் மூன்று மணி நேரம். சிகாமணி போகவில்லை. வர வேண்டாம் என்று சொன்ன மனிதரின் கட்டிலருகே போய் நின்று, அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வதைப் பார்க்க வேண்டுமா என்று நினைத்தார். பிறகு, அவர் சொல்லுக்குக் கட்டுப்படுவதே கடைசி மரியாதை என்று நினைத்தார். பிறகு இரண்டையும் நினைக்காமல் வேலைக்குப் போய் கல்லூரி ஆய்வகத்தில் லென்சுகளைத் துடைத்து அடுக்கினார். சந்தேகம் வந்ததே எல்லாம் எரிந்து முடிந்த பிறகுதான். அப்பா 'கண்ண மூடினப்புறம்' என்று பேசுகிறவரா? முப்பது வருஷம் விழுப்புரம் ஜங்ஷனில் மைக் முன்னால் உட்கார்ந்து ரயில்களின் வரவையும் தாமதத்தையும் அறிவித்தவர். வீட்டிலும் அப்படித்தான். 'சீக்கிரம் வா' என்று சொன்னதில்லை, 'ஆறேகாலுக்குள்ள வா' என்பார். செத்த பிறகு வா என்று சொல்வதென்றாலும் எத்தனை மணிக்குள் என்று சொல்லியிருப்பார். இந்த நினைப்பு ஒவ்வொரு தடவையும் சிகாமணிக்குச் சிரிப்பைக் கொண்டுவரும்; சிரிப்பு பாதி வழியில் நின்றுவிடும்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. மனைவி ஆக்னஸ் காலைப் பூசைக்குக் கிளம்பும்போதே கறாராகச் சொல்லிவிட்டாள். "நான் வர்றதுக்குள்ள அந்த டப்பாவக் காலி பண்ணிடுங்க. நாளைக்கு எடைக்காரர் வர்றார். அப்புறம் அது இருக்கட்டும் இது இருக்கட்டும்னு கம்ப்யூட்டரக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்கக் கூடாது." அம்பது சிடி இருக்கிறதே என்றார். "அம்பதுல நாப்பது, எழுதின நாள்லேர்ந்து நீங்க ஒரு தடவகூடப் பாக்காதது." பார்க்காததனால்தான் இப்போது பார்க்க வேண்டியிருக்கிறது என்றார். "பாருங்க, நல்லாப் பாருங்க. அப்படியே அடுப்புல சுண்டல் இருக்கு, மூணு விசில் வந்தா அதையும் எழுந்து பாருங்க." செருப்புச் சத்தம் மாடிப்படியில் இறங்கிப் போயிற்று. புதிதாக வாங்கிய மடிக்கணினியில் சிடி போடும் வாயே இல்லை. பழைய கம்ப்யூட்டர்ப் பெட்டியில்தான் அது இருக்கிறது, பொத்தானை அமுக்கினால் நாக்கை நீட்டுவது போலத் தட்டை நீட்டும். ஆகவே இருப்பதையெல்லாம் ஒவ்வொன்றாக இந்த நாக்கில் வைத்து, உள்ளே அனுப்பி, புது ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்ற வேண்டும். மகளின் பள்ளி ஆண்டு விழா. யாருடையதென்றே தெரியாத ஒரு கல்யாணம். பிரிண்டர் வாங்கியபோது கொடுத்தது. பதினெட்டாவதாகக் கையில் வந்தது 'பழைய பாடல்கள் 31'. கறுப்பு மார்க்கரில் கலியமூர்த்தியின் கையெழுத்து, 'ழ'வுக்கு வால் நீளமாக.

அப்பாவின் காரியம் முடிந்த அன்று அதைக் கையில் திணித்தான். "மனசு ஒரு மாதிரி இருந்தா போட்டுக் கேளுடா." தெருவிலேயே முதலில் கம்ப்யூட்டர் வாங்கியவன் அவன், முதலில் சிடி எழுதக் கற்றவனும் அவன். திருச்சிக்கு வந்தபோது சிகாமணிக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவன்தான். கேட்டவருக்கெல்லாம் பாட்டு எழுதிக் கொடுப்பான், கோயில் கச்சேரி, காதுகுத்து, எல்லாம். ஆனால் ஒரு சிடியை முழுதாக எழுதி மூடிவிட அவனுக்கு மனசு வராது. "இன்னும் எவ்வளவு இடம் கெடக்கு, மூடிட்டா வீணாப் போவும்ல" என்று திறந்தபடியே விட்டுவைப்பான். அடுத்து யாராவது கேட்டால் அதே சிடியில் பழையதோடு சேர்க்காமல் புதிதாக எழுதிக் கொடுப்பான். பெட்டி கடைசியாக எழுதியதை மட்டும் காட்டும். பழசு எங்கேடா போகும் என்று ஒருமுறை சிகாமணி கேட்டிருக்கிறார். "தெரியாது. தெரியலேன்னா இல்லேன்னுதான் அர்த்தம்" என்றான். அப்போது அது வேடிக்கையான பதிலாக இருந்தது. அப்பா இறந்த வருஷம் தை மாதத்தில் அவன்தான் போன் செய்து, அப்பாவின் குரலை மைக் வைத்துப் பதிவு செய்திருப்பதாகச் சொன்னான். "அந்தக் காலத்து வண்டியெல்லாம் வரிசையாச் சொல்றார்டா, கேட்டா நீ ஆடிப்போயிடுவ." காரியத்தன்று அதைக் கேட்டபோது, எழுதிக்கொண்டிருக்கையில் கரண்ட் போய் சிடி வீணாகிவிட்டது, கம்ப்யூட்டரில் இருந்தது வைரஸில் போய்விட்டது என்றான். இரண்டு விபத்து ஒரே பொருளுக்கு. அதையும் சிகாமணி சந்தேகித்தார். சந்தேகித்தபடியே அவனைக் கட்டிக்கொண்டு அழுதார். நீதான்டா அவருக்கு மகன் என்றார். அப்பாவின் ரயில்வே கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்திருந்ததை எடுத்து அவன் கையிலேயே கட்டிவிட்டார். அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. மணியைப் பார்த்தான், அவ்வளவுதான்.

சிடியை எழுதிய பக்கம் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பிடித்திருக்காவிட்டால்? பாட்டை மட்டும் நகலெடுத்துவிட்டு டப்பாவில் போட்டிருப்பார், நாளை அது எடைக்காரரின் சாக்கில் இருந்திருக்கும். எழுதிய இடம் எழுதாத இடத்தைவிடக் கொஞ்சம் மங்கலாக இருக்கும், லென்சு துடைத்த கண்ணுக்கு அது தப்பாது. முப்பத்தொரு பாட்டு நூற்று நாற்பது எம்பி. அதற்கு நடுவிலிருந்து இரண்டு விரற்கடைகூட வேண்டாம். இங்கே முக்கால் தட்டுக்கு மேல் மங்கியிருந்தது. உள்ளே அகலமான ஒரு வளையம், பிறகு மயிரிழை போல ஒரு கோடு, அதற்கு வெளியே ஒடுங்கலான இன்னொரு வளையம். பாட்டுக்கு முன்பே இதில் வேறெதையோ எழுதியிருக்கிறான். யாருடைய காதுகுத்தோ, யாருடைய கச்சேரியோ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தட்டு முழுவதையும் அப்படியே நகலெடுக்கும் பழைய மென்பொருள் ஒன்று பெட்டியில் இருந்தது. அது இரண்டு தடவை எழுதப்பட்டிருக்கிறது என்று காட்டியது. முதல் தடவை எழுதியதில் ஒரே ஒரு கோப்பு. பெயர் ஆங்கில எழுத்தில் 'அப்பா 1'. நாற்பது நிமிஷம். யாருடைய அப்பா? கலியமூர்த்தி தன் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவான். சிகாமணியின் அப்பாவை, சிகாமணி வீட்டில் இருந்தவரை, சார் என்று கூப்பிட்டான். சிகாமணி வீட்டைவிட்டுப் போன பிறகு எந்த மாதத்தில், எந்தக் காலையில் சார் என்பது அப்பா ஆயிற்று? முதல்முறை கூப்பிட்டபோது அப்பா நிமிர்ந்து பார்த்திருப்பாரா? பெட்டி உறுமியது. சதவீத எண்கள் ஏறின. பத்து, இருபது, நாற்பது. அறுபத்தொன்றில் நின்றது. தட்டு சுற்றுவதை நிறுத்தி, மறுபடி சுற்றி, தொண்டையில் சிக்கியதைத் துப்ப முடியாதவன் போலத் திணறியது. எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால், கறுப்பு மை எழுத்துக்குச் சற்றுக் கீழே ஊசி முனையளவு ஓர் ஓட்டை. பனியனின் ஓரத்தால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைத்தார், ஓட்டையைத் துடைத்து என்ன ஆகப்போகிறது. மறுபடி அறுபத்தொன்று. விட்டுவிட்டு மேலே போகட்டுமா என்று பெட்டி கேட்டது. போ என்றார். குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று தெரியவில்லை. எழுந்துபோய் அணைத்தார்.

அப்பா இருந்தார். முதலில் ஒரு செருமல், பிறகு கலியமூர்த்தியின் குரல், "பேசுங்கப்பா, ஓடுது." பிறகு, பயணிகளின் கனிவான கவனத்திற்கு. சிகாமணியின் முதுகு தானாக நிமிர்ந்தது. நோய் அந்தக் குரலின் அடியை அரித்திருந்தது, ஆனால் மேல்தளம் அப்படியே நின்றது. இப்போது ஓடாத வண்டிகள், மீட்டர் கேஜ் வண்டிகள், ஒவ்வொன்றையும் எங்கிருந்து எங்கே, எந்த நடைமேடை, எத்தனை நிமிஷம் தாமதம் என்று தமிழில் சொல்லி, பிறகு அவருக்கே உரிய இந்தியில் சொல்லி, பிறகு ஆங்கிலத்தில் சொன்னார். நடுவே கலியமூர்த்தி, "அப்பா, இந்த வண்டி எப்பவாவது நேரத்துக்கு வந்திருக்கா?" என்று கேட்க, "வந்திருக்கு. முந்தின நாள் வண்டி" என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். சிகாமணியும் சிரித்தார், தொண்ணூற்றைந்துக்குப் பிறகு அப்பாவோடு சேர்ந்து சிரித்த முதல் சிரிப்பு. அந்த வருஷம் ஆக்னஸைக் கல்யாணம் செய்து கூட்டிக்கொண்டு போய் வாசலில் நின்றபோது அப்பா அவளைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், "ஏழு மணிக்கு ஒரு வண்டி இருக்கு" என்றார். அதிலேயே திரும்பினார்கள். பதினோரு வருஷம். அவர் சிரிப்பதைக் கேட்டுக்கொண்டே கலியமூர்த்தி இருந்திருக்கிறான். ஞாயிறு தோறும் சவரம் செய்துவிட்டிருக்கிறான், மலம் வாரியிருக்கிறான். முப்பத்து மூன்றாவது நிமிஷத்தில் அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. தண்ணி என்றார். டம்ளர் சத்தம். மைக்கை அணைக்க அவனுக்குத் தோன்றவில்லை, அல்லது அதிலும் ஒரு சிக்கனம், நிறுத்தி மறுபடி தொடங்கினால் இரண்டு கோப்பாகிவிடும். "கலியமூர்த்தி." "சொல்லுங்கப்பா." "சிகாமணிக்குப் போன் போட்டியா?" "போட்டேன்பா." "ஞாயித்துக்கிழமை காலைல அஞ்சு இருபது வண்டில ஏறினா எட்டரைக்கு இங்க வந்துடலாம். சொன்னியா?" "சொன்னேன்பா." "என்ன சொல்றான்?" டம்ளரை எங்கோ வைக்கும் சத்தம். "வர முடியாதுன்னுட்டான்பா." பிறகு ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்றால் மௌனம்கூட இல்லை, அறையின் இரைச்சல்கூட இல்லை, பெட்டி படிக்க முடியாமல் விட்டுவிட்ட வெற்றிடம். பதினான்கு நொடி. அதற்கு அந்தப் பக்கம் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, பயணிகளின் கவனத்திற்கு என்று அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

கனிவான என்ற சொல் இல்லை. சிகாமணி பின்னால் தள்ளி மறுபடி கேட்டார். இல்லை. அதற்கு முன்னால் இருபத்தாறு தடவை சொல்லியிருந்தார், எண்ணிப் பார்த்தார், இருபத்தாறிலும் இருந்தது; பிறகு வந்த நான்கிலும் இல்லை. மூச்சு போதாமல் ஒரு சொல்லை மிச்சம் பிடித்திருக்கலாம். களைத்த மனிதர். அல்லது அந்தப் பதினான்கு நொடியில் அந்தச் சொல் அவரைவிட்டுப் போயிருக்கலாம். அவன் முதலில் அவரிடம் பொய் சொன்னானா, இவரிடமா? பதிவு தை மாதம். போன் மாசி. ஆகவே அவரிடம்தான் முதலில். அவரிடம் சொன்னதைக் காப்பாற்ற இவரிடம் இன்னொன்றைச் சொல்லவேண்டி வந்திருக்கிறது. ஒரு தட்டு, இரண்டு தடவை எழுதியது. தை மாதம் முழுக்க இங்கே போன் அடிக்கவே இல்லையே, குரலைப் பதிவு செய்தேன் என்று சொல்ல மட்டும்தானே அடித்தது. ஏன் செய்தான் என்பது சிகாமணிக்குப் புரியாமலில்லை. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. பதினோரு வருஷம் சுமந்தவன் கடைசியில் கதவைத் திறந்து, இந்தா உன் அப்பா என்று தர வேண்டுமா? எட்டரை வண்டியில் ஒருவன் இறங்கி வந்ததும் இவன் மறுபடி தெருக்காரன் ஆகிவிட வேண்டுமா? புரிந்தது, புரிந்தும் மனசு, அவன் கையில்தானே அப்பாவின் கடிகாரத்தைக் கட்டினேன் என்று திரும்பத் திரும்ப அங்கேயே போய் நின்றது. மகள் கல்யாணத்துக்கு வந்து மூன்று நாள் இருந்து பந்தியில் நின்று பரிமாறினான். அந்த மூன்று நாளில் ஒரு நொடிகூட அவன் முகத்தில் இந்த நாற்பது நிமிஷம் வந்து போகவில்லையா, வந்து போனதைப் பந்திக் களைப்பு என்று நினைத்தேனா? தெரியாமல் தந்த சிடியா இது, தெரிந்தே தந்ததா? தானாகச் சொல்ல முடியாததை என்றைக்காவது நான் கண்டுபிடிக்கட்டும் என்று பாட்டுக்கு அடியில் வைத்துக் கொடுத்தானா? இல்லை. அவ்வளவு பெரிய எண்ணமெல்லாம் அவனிடம் கிடையாது. தெரியலேன்னா இல்லேன்னுதான் அர்த்தம், அவ்வளவுதான் அவன். இப்படி அவன்மேல் கோபத்தைக் குவித்துக்கொண்டே போன மனசு ஓரிடத்தில் முள்ளில் மாட்டிய வேட்டி போல நின்றது. ஏழு நாள். அந்த ஏழு நாளும் என் காலைப் பிடித்து நிறுத்தியது யார்? வர வேண்டாம் என்றதைக் கேட்டபோது நெஞ்சில் முதலில் வந்தது வலிதானா? போனை வைத்துவிட்டு இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டது ஞாபகம் இருக்கிறது. ஆக்னஸ், என்னங்க சொன்னார் என்று கேட்டாள். வர வேணாமாம் என்றபோது குரலில் இருந்தது ஆறுதல். சந்தேகத்தைக்கூட ஒரு வாரம் தள்ளிப்போட்டு வரவழைத்துக்கொண்ட ஆள்தானே நான். கலியமூர்த்தி ஒரு பொய்யைச் செய்தான். அதை அளவெடுத்தது போல உடுத்திக்கொண்டவர் சிகாமணி.

ஆனால் அப்பா? அவர் அந்தப் பொய்யோடு எத்தனை நாள் இருந்தார்? எண்ணினார், கிட்டத்தட்ட ஒரு மாதம். ஒரு மாதம் முழுக்க, போன் போட்டும் வர முடியாது என்று சொன்ன மகனோடு அந்தக் கட்டிலில் கிடந்திருக்கிறார். அல்லது, கலியமூர்த்தியின் குரல் இறங்கியதை முப்பது வருஷம் குரலால் பிழைத்த காது பிடித்துவிட்டிருக்கும். பிடித்தும், இவனையும் இழக்க முடியாமல், சரி என்று விட்டிருப்பார். எது நடந்தது என்பது அந்தப் பதினான்கு நொடியில் இருந்தது. சிடியை மறுபடி நாக்கில் வைத்தார். வேகத்தை ஆகக் குறைவாக வைத்து, படிக்க முடியாத இடத்தைத் திரும்பத் திரும்பப் படி என்று ஏவினார். பெட்டி முனகியது, தட்டு சுற்றுவது நின்று நின்று நகர்ந்தது. தான் சோதனைக்கூடத்தில் பார்த்த எந்தக் கருவியையும் இப்படிக் கெஞ்சியதில்லை. அரை மணி கழித்துப் பதினான்கு நொடி பதினொன்றாயிற்று. மீண்டு வந்த மூன்று நொடியில் ஒரு கட்டில் கிரீச்சிட்டது. அவ்வளவுதான். எழ முயன்றாரா, சாய்ந்தாரா, சுவர்ப்பக்கம் திரும்பினாரா? கிரீச்சை இருபது தடவை கேட்டார். பிறகு கட்டில் பெட்டியாகி, பெட்டி பூனையாகி, காதுக்குள் ஒரு பொருளும் இல்லாமல் போயிற்று. இன்னொரு முறை ஓடவிட்டபோது பெட்டி சிடியையே அடையாளம் தெரியவில்லை என்று துப்பிவிட்டது. தட்டு சூடாக இருந்தது. அதைச் சட்டைப் பையில் வைக்கப் பார்த்து, கொள்ளாமல், கையிலேயே வைத்துக்கொண்டு மறுகையால் போனை எடுத்தார். என்ன கேட்பது? ஏன்டா செய்தே என்றால் அவன் அழுவான், அழுதால் தேற்ற வேண்டியிருக்கும். எத்தனை பொய் என்றால் எண்ணுவான். மன்னிப்புக் கேட்கச் சொன்னால் கேட்டுவிடுவான், அதோடு அவனுக்கு முடிந்துவிடும். அவனுக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருக்கிறது, உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாதது. அவன் எண்ணை அமுக்கினார். அந்தப் பக்கம் மணி அடித்தது.

"டேய் சிகாமணி. என்னடா ஞாயித்துக்கிழமையும் அதுவுமா? ஆக்னஸ் அடிச்சு வெளிய தள்ளிட்டாளா?"

"கோயிலுக்குப் போயிருக்கா."

"அதான் போனத் தொட தைரியம் வந்திருக்கு." பின்னணியில் டிவி ஓடியது, யாரோ குழந்தையை அதட்டினார்கள். "இருடா, பேத்தி ரிமோட்டைக் கடிக்கிறா. ம், சொல்லு."

"கலியா, நீ எழுதிக் கொடுத்தியே ஒரு சிடி. முப்பத்தொரு பாட்டு."

"அது இன்னுமா பாடுது?"

"பாடுது. அதுக்கு அடியில அப்பா பேசுறார்."

டிவி சத்தம் குறைந்தது. ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அவன் எங்கோ நடந்து போய் நின்றான்.

"அது அழிஞ்சுபோச்சேடா" என்றான் கலியமூர்த்தி.

"அழியலை."

"எது வரைக்கும் கேட்ட?"

"வர முடியாதுன்னுட்டான்னு நீ சொல்ற வரைக்கும். அப்புறம் பதினோரு நொடி கேக்கல. சிடில ஓட்டை."

"சிகாமணி, அன்னைக்கு நான் எதுக்கு அப்படிச் சொன்னேன்னா—"

"அதை நான் கேக்கல."

"திட்டிடுடா. வாய்க்கு வந்ததத் திட்டிட்டுப் போனை வை. இத்தனை வருஷம் நான்—"

"அதுவும் இல்ல. நீ அவர் எதிர்லதான உக்காந்திருந்த? முகத்தப் பாத்துக்கிட்டுத்தான சொன்ன?" சிகாமணிக்குத் தன் குரல் அறிவிப்பாளரின் குரல் போல நிதானமாக இருந்தது ஆச்சரியமாக இருந்தது. "எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு. நான் வர மாட்டேன்னு நீ சொன்னதும், அப்பா அத நம்பினாரா?"